மரவள்ளிக் கிழங்கின் பாயிண்டை அளப்பது யார்?

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம்.

மரவள்ளிக் கிழங்கு பிடுங்கும் பருவம் தொடங்கியதும், சேலம், நாமக்கல் மாவட்டப் பக்கங்களில் ‘மரவள்ளி விலை சரிவு, விவசாயிகள் வேதனை’ என்றொரு செய்தி வந்துவிடுகிறது. விலை ஏறிய ஆண்டுகளில் அதே இடத்தில் ‘விவசாயிகள் மகிழ்ச்சி’ என்று வருகிறது. இரண்டிலும் டன்னுக்கு இவ்வளவு ரூபாய் என்ற எண் இருக்கும். அந்த எண் எங்கே, யாரால் முடிவாகிறது, அதில் எவ்வளவு விவசாயியின் கைக்கு வந்து சேருகிறது என்ற விவரம் இருப்பதில்லை. ராசிபுரம் பக்கத்தில் மரவள்ளி பயிரிடும் சிறு விவசாயி என்ற முறையில், செய்திகளில் விடுபடும் அந்தப் பகுதியைத் தங்கள் நாளிதழ் வழியாக அரசின் பார்வைக்குக் கொண்டுவர விரும்புகிறேன்.

இந்தப் பயிரை அறியாத வாசகர்களுக்காகச் சற்று விளக்க வேண்டியிருக்கிறது. சேலம், நாமக்கல், தருமபுரி, கள்ளக்குறிச்சி மாவட்டங்களில் விளையும் மரவள்ளியில் மிகச் சிறிய பங்கே அவித்துத் தின்பதற்கும் சிப்ஸ் போடுவதற்கும் போகிறது. ஏனையதெல்லாம் ஜவ்வரிசிக்கும் ஸ்டார்ச் மாவுக்குமாக சேகோ ஆலைகளுக்குச் செல்கிறது. ஆலைக்குத் தேவை கிழங்கில் உள்ள மாவுச்சத்து மட்டுமே என்பதால், கிழங்கின் எடையோடு அதில் எத்தனை விழுக்காடு மாவுச்சத்து இருக்கிறது என்பதையும் அளந்து விலை போடுகிறார்கள். இந்த அளவைத்தான் எங்கள் பக்கத்தில் ‘பாயிண்ட்’ என்கிறோம். ஒரு பாயிண்டுக்கு இத்தனை ரூபாய் என்று அன்றைய விலை பேசப்படும்; வண்டியில் வந்த கிழங்குக்கு எத்தனை பாயிண்ட் என்று ஆலையில் சொல்வார்கள்; இரண்டையும் பெருக்கினால் டன் விலை வந்துவிடும். முறை என்ற அளவில் இதில் குறை சொல்ல எதுவுமில்லை. நல்ல ரகத்தை நட்டு, தொழு உரம் போட்டு, காலம் தவறாமல் களையெடுத்து, முற்றவிட்டுப் பிடுங்கியவனுக்குக் கூடுதல் விலை கிடைப்பதுதான் நியாயம்.

பாயிண்டை அளக்கும் முறையும் அறிவியல் அடிப்படை கொண்டதே. மாவுச்சத்து கூடக்கூடக் கிழங்கின் அடர்த்தியும் கூடும் என்பதால், ஒரு குறிப்பிட்ட எடைக் கிழங்கை எடுத்து, அதை ஒரு கூடையில் இட்டுத் தண்ணீருக்குள் மூழ்கவைத்து மீண்டும் எடை பார்த்தால், நீருக்குள் காட்டும் எடையிலிருந்து மாவுச்சத்தைக் கணக்கிட்டுவிடலாம். தொட்டி நிறையத் தண்ணீர், மேலே ஒரு தராசு, அதிலிருந்து தொங்கும் கம்பிக் கூடை, அவ்வளவுதான் கருவி. சிக்கல் கருவியில் இல்லை. எந்தக் கிழங்கைக் கூடையில் போடுவது என்பதில் தொடங்கி, எந்த எண்ணைச் சீட்டில் எழுதுவது என்பது வரையில் ஒவ்வொன்றையும் கிழங்கை வாங்கப்போகிறவரே முடிவு செய்கிறார் என்பதில்தான் இருக்கிறது.

ஆலை வாசலில் நடப்பதை நேரில் பார்க்காதவர்களுக்கு இது மிகைப்படுத்திய பேச்சாகத் தோன்றலாம். அதிகாலையில் ஆள்விட்டுப் பிடுங்கிய கிழங்கை டிராக்டரிலோ லாரியிலோ ஏற்றிக்கொண்டு போனால், நமக்கு முன்னால் வந்த வண்டிகள் வரிசையில் நிற்கும். எடைமேடையில் வண்டியை ஏற்றி எடை போட்ட பிறகு, ஆலை ஆள் ஒருவர் சுமையின் மேலேறிச் சில கிழங்குகளைப் பொறுக்கி எடுப்பார். அதே செடியில் விளைந்திருந்தாலும் பருத்து முற்றிய கிழங்கின் மாவுச்சத்தும் விரற்கடை பருமனுள்ள பொடிக்கிழங்கின் மாவுச்சத்தும் ஒன்றல்ல. தண்டோடு ஒட்டியிருக்கும் காம்புப் பகுதியை வெட்டிவிட்டு அளந்தால் ஒரு எண்ணும், வெட்டாமல் அளந்தால் வேறொரு எண்ணும் வரும். எனவே யார் கை எதைப் பொறுக்கியது என்பதைப் பொறுத்து இரண்டு பாயிண்ட் ஏறவோ இறங்கவோ செய்யும். தராசின் முள்ளைப் பார்க்க விவசாயி எட்டி நின்றால், ‘அங்கே என்னங்க வேலை, சீட்டு வரும் பாருங்க’ என்று சொல்லி அனுப்பும் ஆலைகளும் உண்டு. அழைத்துக் காட்டும் ஆலைகளும் உண்டு என்பதையும் சொல்லிவிட வேண்டும்.

இரண்டு பாயிண்ட் என்பது கேட்பதற்குச் சிறிதாக இருக்கும். கணக்குக்காக ஒரு பாயிண்டுக்கு 300 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். 28 பாயிண்ட் கிழங்கு என்றால் டன் 8,400 ரூபாய். அதையே 26 என்று எழுதினால் 7,800 ரூபாய். பத்து டன் ஏற்றிய ஒரு லாரியில் 6,000 ரூபாய் வித்தியாசம் வந்துவிடுகிறது. இதோடு முடிந்துவிடுவதும் இல்லை. கிழங்கில் ஒட்டிய மண்ணுக்கும், காம்புக்கும், அழுகலுக்கும் என்று மொத்த எடையில் ஒரு பகுதியைக் கழிவாகப் பிடிக்கிறார்கள். மழை பெய்து செம்மண் ஒட்டிய கிழங்குக்குக் கழிவு பிடிப்பதை யாரும் மறுக்க மாட்டார்கள். ஆனால் காய்ந்த மேட்டாங்காட்டிலிருந்து சுத்தமாக வந்த கிழங்குக்கும் அதே கழிவைப் பிடிக்கும்போது அது கழிவு என்ற பெயரில் செய்யும் விலைக்குறைப்பாகிவிடுகிறது. ஆட்கூலி, வண்டி வாடகை, ஏற்றுக்கூலி மூன்றையும் கையிலிருந்து கொடுத்துவிட்டு நிற்கும் விவசாயியின் லாபம் என்பதே பல பருவங்களில் இந்த 6,000 ரூபாய்க்குள்தான் அடங்கியிருக்கிறது.

‘பிடிக்காவிட்டால் வேறு ஆலைக்குக் கொண்டுபோக வேண்டியதுதானே’ என்று அதிகாரிகள் கூட்டத்தில் கேட்பதுண்டு. மஞ்சள் விவசாயியிடம் இப்படிக் கேட்டால் பொருந்தும். அவர் மஞ்சளை வேகவைத்துக் காயவைத்து, விலை சரியில்லை என்றால் மாதக்கணக்கில் கிடங்கில் போட்டுவைத்து, அதன் பேரில் கடனும் வாங்கிக்கொண்டு, நல்ல விலை வரும்போது கூட்டுறவுச் சங்கத்தின் ஏலத்துக்குக் கொண்டுபோகலாம். அதே மாவட்டத்தில், அதே வாய்க்கால் தண்ணீரில் விளையும் மரவள்ளிக்கு அந்த வசதி இல்லை. மண்ணுக்குள் இருக்கும்வரை கெடாத கிழங்கு, பிடுங்கிய இரண்டு மூன்று நாளில் உள்ளுக்குள் நீலமும் கருப்புமாகக் கோடு ஓடிக் கெடத் தொடங்கிவிடும். ஆலை வாசலில் சுமையோடு நிற்கும் வண்டியைத் திருப்பினால் வாடகை இரட்டிப்பாகும், ஒரு நாள் வீணாகும், அடுத்த ஆலையில் இன்னும் குறைந்த பாயிண்ட் விழும். எனவே எழுதிக்கொடுத்த சீட்டை வாங்கிக்கொண்டு வருவதைத் தவிர வழியில்லை என்பது ஆலைக்கும் தெரியும், விவசாயிக்கும் தெரியும்.

பிடுங்காமல் நிலத்திலேயே விட்டுவைக்கலாமே என்றால், அதுவும் ஓர் அளவுக்குத்தான். தையிலும் மாசியிலும் நட்டது ஐப்பசி, கார்த்திகையில் முற்றி நிற்கும்போது வடகிழக்குப் பருவமழை வந்து சேர்கிறது. மழைக்குப் பின் செடி மறுபடி துளிர்விட்டால் கிழங்கில் சேர்ந்த மாவு குறைந்து பாயிண்ட் இறங்கும். மேலும், அடுத்த பயிருக்கு நிலம் காலியாக வேண்டும். நகைக்கடன் தவணை காத்திருக்காது. கொல்லிமலை, கல்வராயன் மலைகளில் மானாவாரியாக மரவள்ளி வைக்கும் பழங்குடி விவசாயிகளின் நிலை இன்னும் மோசம். மலைப்பாதையில் வண்டி வாடகையே பெரும்பகுதியைத் தின்றுவிடுவதால், அவர்கள் பெரும்பாலும் தோட்டத்திலேயே இடைத்தரகரிடம் மொத்த விலைக்கு விட்டுவிடுகிறார்கள். தங்கள் கிழங்கு எத்தனை பாயிண்ட் என்பதே அவர்களுக்குத் தெரிய வருவதில்லை.

இடைத்தரகர் என்றவுடன் அவரை ஒழித்துவிட்டால் எல்லாம் சரியாகிவிடும் என்று எழுதுவது வழக்கம். எனக்கு அந்தக் கருத்து இல்லை. பிடுங்கும் ஆட்களைத் திரட்டுவதும், வண்டி பிடிப்பதும், எந்த ஆலையில் வரிசை குறைவு என்று விசாரிப்பதும், ஆலை பணம் கொடுக்கத் தாமதித்தால் கையிலிருந்து முன்பணம் தருவதும் அவர்கள்தாம். ஓரிரு ஏக்கர் வைத்திருப்பவனால் இவற்றைத் தனியாகச் செய்துகொள்ள முடியாது. அவர்களுக்கான தரகு வெளிப்படையாக இருந்தால் போதும். பாயிண்டுக்குள் ஒளிந்திருப்பதுதான் தொல்லை.

ஆலைக்காரர்களின் பக்கத்தையும் சொல்லாமல் விட்டால் இந்தக் கடிதம் ஒருதலைப்பட்சமாகிவிடும். இரண்டாம் உலகப் போரின்போது வெளிநாட்டிலிருந்து வந்துகொண்டிருந்த ஜவ்வரிசி நின்றுபோன நிலையில், 1943 வாக்கில் சேலத்தில் கைத்தொழிலாகத் தொடங்கியது இந்தத் தொழில். துணியைத் தொட்டில்போலக் கட்டி, அதில் ஈரமாவைக் குலுக்கி உருண்டையாக்கி, இரும்புச் சட்டியில் வறுத்து எடுத்த காலத்திலிருந்து இன்றைய இயந்திர ஆலைவரை அதை வளர்த்தவர்கள் இந்த மண்ணின் சிறு தொழில்முனைவோரே. அவர்களில் பலர் விவசாயக் குடும்பத்தினர். வெளியூர் வியாபாரிகளும் வட்டிக்குக் கடன் கொடுத்தவர்களும் ஆலைகளைப் பிழிந்தெடுத்த நிலையில்தான் 1981-இல் அவர்களுக்கென்று ‘சேகோசர்வ்’ என்ற கூட்டுறவுச் சங்கம் அமைந்தது. ஆலைகள் தங்கள் ஜவ்வரிசியையும் ஸ்டார்ச்சையும் அதன் கிடங்கில் வைத்து, மாதிரியைக் காட்டி, டெண்டர் மூலம் விற்கலாம். இருப்பின் பேரில் முன்பணம் பெறலாம். தான் விற்கும் பொருளின் தரத்தையும் விலையையும் வாங்குகிறவனே முடிவு செய்யக்கூடாது என்ற உணர்விலிருந்துதான் அந்தச் சங்கமே பிறந்தது. அதே உணர்வு விவசாயிக்கும் இருக்கும் என்பதை ஆலை உரிமையாளர்கள் எளிதில் புரிந்துகொள்வார்கள் என்று நம்புகிறேன். அந்தச் சங்கத்தில் உறுப்பினர்கள் ஆலைகள்தாம். கிழங்கு கொடுக்கும் விவசாயிக்கு அதில் இடமில்லை.

நம் ஜவ்வரிசியை அதிகம் வாங்குவது நாமல்ல. பாயசத்துக்கும் வடகத்துக்கும் நாம் வாங்குவது கொஞ்சம். மகாராஷ்டிரம், குஜராத், மத்தியப் பிரதேசம் போன்ற மாநிலங்களில் ஏகாதசி, நவராத்திரி, சிராவண மாத விரதங்களின்போது தானியம் தவிர்க்கும் குடும்பங்கள் ஜவ்வரிசிக் கிச்சடி செய்து உண்பதால்தான் இந்தத் தொழில் நிற்கிறது. அங்கே பண்டிகைக்கு முன் கொள்முதல் சூடுபிடித்தால் இங்கே கிழங்கு விலை ஏறும். அங்கே வியாபாரி கையைக் கட்டிக்கொண்டால் இங்கே இறங்கும். இத்தனை தொலைவில் இருக்கும் வாங்குபவர், ஜவ்வரிசி பளிச்சென்று வெள்ளையாக இருக்க வேண்டும் என்று கேட்கிறார் என்பதற்காக, கிழங்கின் தோலைச் சரியாக உரிக்காமல் அரைத்துவிட்டு, பின்னால் ரசாயனம் போட்டு வெளுக்கும் பழக்கம் சில ஆலைகளில் புகுந்தது. அதைவிடக் கேடானது மக்காச்சோள மாவைக் கலப்பது. மக்காச்சோளம் விலை குறைவாக இருக்கும் காலத்தில் அதன் ஸ்டார்ச்சை மரவள்ளி மாவோடு கலந்து ஜவ்வரிசியாக உருட்டிவிட்டால், அந்த அளவுக்குக் கிழங்கின் தேவை குறைந்து விலை விழுகிறது. ஜவ்வரிசி என்றால் மரவள்ளிக் கிழங்கின் மாவிலிருந்தோ சவ்வரிசிப் பனையின் மாவிலிருந்தோ செய்யப்பட்டதாக இருக்க வேண்டும் என்று உணவுப் பாதுகாப்பு விதிகள் சொல்கின்றன. தானியம் கூடாது என்று விரதம் இருப்பவருக்குத் தானிய மாவையே கலந்து கொடுப்பது என்ன வகை வியாபாரம் என்று எனக்கு விளங்கவில்லை.

உணவுப் பாதுகாப்புத் துறை அவ்வப்போது சோதனை நடத்துகிறது, மூட்டைகளைப் பறிமுதல் செய்கிறது என்று செய்தி வருகிறது. நேர்மையாகத் தொழில் நடத்தும் ஆலைகள்தாம் இதை முதலில் வரவேற்க வேண்டும். கலப்படம் செய்கிறவரின் விலையோடு போட்டியிட முடியாமல் அவர்கள்தாம் கிழங்கு விலையைக் குறைக்க நேர்கிறது. சேலம் ஜவ்வரிசிக்கு 2023-இல் புவிசார் குறியீடு கிடைத்ததை எல்லோரும் கொண்டாடினோம். அந்தக் குறியீட்டை மூட்டையில் அச்சிடுவதற்கு முன், இந்த ஆலை இத்தனை டன் கிழங்கு வாங்கியது, இத்தனை டன் ஜவ்வரிசி விற்றது என்ற இரண்டு எண்களையும் ஒப்பிட்டாலே கலப்படம் வெளியே வந்துவிடும். நல்ல கிழங்கு ஒரு டன்னிலிருந்து கிடைக்கக்கூடிய ஜவ்வரிசிக்கு ஓர் எல்லை உண்டல்லவா? கிழங்குக் கொள்முதலுக்கு ஒழுங்கான சீட்டு இருந்தால்தான் இந்த ஒப்பீடு நடக்கும். ஆக, விவசாயி கேட்கும் சீட்டு உணவுப் பாதுகாப்புக்கும் உதவும்.

இவ்வளவு பெரிய தொழிலின் மூலப்பொருளுக்கு விலை வைக்க எந்தச் சட்டமும் இல்லை. மத்திய அரசு குறைந்தபட்ச ஆதரவு விலை அறிவிக்கும் 22 பயிர்களில் மரவள்ளி இல்லை. கரும்புக்கு 1966-ஆம் ஆண்டின் கரும்புக் கட்டுப்பாட்டு ஆணை இருக்கிறது: சர்க்கரைக் கட்டுமானத்தை, அதாவது கரும்பிலிருந்து எத்தனை விழுக்காடு சர்க்கரை கிடைக்கிறது என்பதை, கணக்கில் கொண்டு விலை அறிவிக்கப்படுகிறது, கரும்பு கொடுத்த 14 நாளில் பணம் தர வேண்டும், தாமதித்தால் ஆண்டுக்கு 15 விழுக்காடு வட்டி. நீலகிரியின் சிறு தேயிலை விவசாயிகளுக்கு 2003-ஆம் ஆண்டின் தேயிலை விற்பனைக் கட்டுப்பாட்டு ஆணை இருக்கிறது. அதன்படி ஏல மையத்தில் தேயிலைத் தூள் என்ன விலைக்குப் போனதோ அதைக் கொண்டு, விவசாயிக்கு 65, ஆலைக்கு 35 என்ற பங்கீட்டில் பசுந்தேயிலையின் விலையைத் தேயிலை வாரியம் மாதந்தோறும் அறிவிக்கிறது. கரும்பு நிலுவைக்காக விவசாயிகள் போராடுவதையும், அறிவித்த விலை சாகுபடிச் செலவுக்கே போதவில்லை என்று நீலகிரியில் உண்ணாவிரதம் இருந்ததையும் நான் மறந்துவிடவில்லை. ஆனாலும் அவர்கள் கையில் அரசு வெளியிட்ட ஓர் எண் இருக்கிறது. இதற்குக் குறைவாகக் கொடுத்தாய் என்று ஆலையைக் கேட்கவும், இந்த எண்ணே தவறு என்று நீதிமன்றத்தில் வாதாடவும் அவர்களால் முடிகிறது. மரவள்ளி விவசாயிக்கு எதிர்த்து வாதாடக்கூட ஓர் எண் இல்லை.

மாவட்ட ஆட்சியர் அலுவலகத்தில் நடக்கும் முத்தரப்புக் கூட்டம்தான் எங்களுக்கு இருக்கும் ஒரே வழி. விவசாயச் சங்கத்தினர் ஒரு விலை கேட்பார்கள், ஆலைத் தரப்பு சந்தை மந்தம் என்பார்கள், ஆட்சியர் இருவரையும் அனுசரித்துப் போகச் சொல்வார், தேநீருடன் கூட்டம் முடியும். அங்கே ஒப்புக்கொண்ட விலை எழுத்து வடிவில் யாரையும் கட்டுப்படுத்துவதில்லை. அப்படியே பாயிண்டுக்கு இருபது ரூபாய் கூட்டிக்கொடுக்க ஒப்புக்கொண்டாலும், அடுத்த நாள் ஆலையில் பாயிண்ட் இறங்கிவிட்டால் கூட்டியதெல்லாம் வந்த வழியே போய்விடும். விலையைப் பற்றி மட்டும் பேசி அளவைப் பற்றிப் பேசாமல் விடுவதன் விளைவு இது.

அளவைப் பொதுவில் வைப்பது நடக்காத காரியமா என்றால், எங்கள் கிராமத்துப் பால் சங்கத்தைப் பார்த்தால் போதும். காலையும் மாலையும் இரண்டு மூன்று லிட்டர் பால் கொண்டுவரும் பெண்களின் கண்ணெதிரிலேயே கொழுப்பும் இதரச் சத்தும் இயந்திரத்தில் அளக்கப்பட்டு, அதற்கேற்ற விலை சீட்டில் அச்சாகிக் கைக்கு வருகிறது. இயந்திரத்தில் கோளாறு என்று சண்டை வருவதுண்டு. சண்டை போட முடிகிறது என்பதே ஒரு பாதுகாப்பு. மூன்று லிட்டர் பாலுக்கு இருக்கும் இந்த ஏற்பாடு பத்து டன் கிழங்குக்கு இல்லை. எடைமேடைக்கு முத்திரை இட அதிகாரிகள் வருகிறார்கள். பாயிண்ட் தராசுக்கு முத்திரை இட்டு நான் பார்த்ததில்லை.

ஆகவே என் கோரிக்கை விலை நிர்ணயத்துக்கு முன்னால் அளவிலிருந்து தொடங்குகிறது. மரவள்ளி அதிகம் விளையும் வட்டங்களில் உள்ள ஒழுங்குமுறை விற்பனைக் கூடங்களிலும் தொடக்க வேளாண்மைக் கூட்டுறவுச் சங்கங்களிலும் எடைமேடையுடன் ஒரு பொதுப் பாயிண்ட் சோதனை நிலையம் வைக்க வேண்டும். கிழங்குச் சுமை ஆலைக்குப் போகும் வழியில் அங்கே நின்று, சுமையின் மேலிருந்தும் நடுவிலிருந்தும் அடியிலிருந்தும் மாதிரி எடுத்து, விவசாயியும் வண்டிக்காரரும் பார்க்க அளந்து, ஒரு சீட்டு வாங்கிக்கொண்டு போகட்டும். ஆலையின் அளவு அந்தச் சீட்டிலிருந்து ஒரு பாயிண்டுக்கு மேல் மாறுபட்டால் மறுசோதனை கேட்கும் உரிமை இரு தரப்புக்கும் இருக்கட்டும். கருவிக்குப் பெரிய செலவில்லை. ஏத்தாப்பூரில் தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகத்தின் மரவள்ளி, ஆமணக்கு ஆராய்ச்சி நிலையம் இருக்கிறது. தராசைச் சரிபார்ப்பது, எந்த ரகத்துக்கு எந்த மாதத்தில் எத்தனை பாயிண்ட் எதிர்பார்க்கலாம் என்று அட்டவணை வெளியிடுவது ஆகிய இரண்டையும் அவர்களால் செய்ய முடியும். முள்ளுவாடி, குங்குமரோஸ், வெள்ளை தாய்லாந்து என்று ஒவ்வொரு ரகத்துக்கும் மழைக்கு முன்னும் பின்னுமான மாவுச்சத்து இதுதான் என்று ஒரு தாளில் அச்சிட்டுக் கொடுத்தாலே பாதிப் பேச்சு குறைந்துவிடும்.

இதன்மேல்தான் விலைச் சூத்திரத்தைக் கட்ட முடியும். சேகோசர்வ் டெண்டரில் ஜவ்வரிசியும் ஸ்டார்ச்சும் நாள்தோறும் என்ன விலைக்குப் போகின்றன என்பது வெளிப்படையான தகவல். அந்த விலையின் இருவாரச் சராசரியில் ஆலையின் மின்சாரம், கூலி, விறகு, தேய்மானம் ஆகியவற்றைக் கழித்து, கிழங்குக்கு இத்தனை பங்கு என்று தேயிலையைப் போலப் பிரித்தால் பாயிண்ட் விலை தானாக வந்துவிடும். பங்கு எத்தனை என்பதை நான் சொல்லப்போவதில்லை. இரு தரப்புக் கணக்கையும் பார்த்து ஒரு குழு சொல்லட்டும். ஜவ்வரிசி தவிர, மாவு எடுத்தபின் மிஞ்சும் திப்பியும் மாட்டுத் தீவனத்துக்கு விற்பனையாகிறது என்பதை மட்டும் அந்தக் குழு கணக்கில் மறக்காமல் சேர்த்துக்கொள்ள வேண்டும். சேகோசர்வுக்கு வெளியே நேரடியாக விற்கப்படும் ஜவ்வரிசி கணிசமாக இருப்பதால் டெண்டர் விலை முழுச் சந்தையையும் காட்டாது என்று எதிர்வாதம் வரும். அது உண்மையே. அதற்காகத்தான் எல்லா விற்பனையும் சங்கத்தின் மூலம் நடக்க வேண்டும் என்று ஆலைத் தரப்பிலேயே ஒரு சாரார் நெடுநாளாகக் கேட்கிறார்கள்.

விலை படுமோசமாக வீழும் ஆண்டுகளுக்கு மத்திய அரசின் சந்தைத் தலையீட்டுத் திட்டம் இருக்கிறது. ஆதரவு விலை இல்லாத, விரைவில் கெடும் தோட்டக்கலைப் பயிர்களுக்கு, மாநில அரசு கேட்டால் நட்டத்தை இருவரும் பங்கிட்டுக்கொண்டு கொள்முதல் செய்யலாம். ஆனால் கெடும் கிழங்கை அரசு வாங்கி எங்கே வைக்கும்? ஆலையில் அரைத்து மாவாக்கித்தான் வைக்க வேண்டும். அதற்கும் முதலில் பாயிண்ட் அளக்க வேண்டும்.

விவசாயிகளே ஆலை வைத்துக்கொள்ளலாம் என்ற யோசனையும் உழவர் உற்பத்தியாளர் நிறுவனக் கூட்டங்களில் அடிக்கடி எழுகிறது. ஆர்வத்தைக் குறை சொல்ல மாட்டேன், ஆனால் ஜவ்வரிசி ஆலை என்பது கொட்டகை போட்டு இயந்திரம் வாங்கிவிட்டால் முடியும் வேலையில்லை. கழுவவும், அரைத்த மாவை வடிக்கவும், தெளியவைக்கவும் ஏராளமான தண்ணீர் வேண்டும். அந்தத் தண்ணீர் புளித்த நாற்றத்தோடு கழிவாக வெளியேறும். ஆத்தூர், தலைவாசல் பக்கம் வசிஷ்ட நதியும், சேலத்தில் திருமணிமுத்தாறும் என்ன நிலைக்கு வந்தன என்பதைக் கரையோர மக்கள் அறிவார்கள். சுத்திகரிப்பும் சாண எரிவாயு போன்ற கழிவுநீர் எரிவாயுக் கலனும் வைக்கும் வசதி பெரிய ஆலைகளுக்கே கட்டுப்படியாகிறது. அதனால் சிறு விவசாயிகள் குழுவாகச் செய்யக்கூடியது தோல் உரித்து, சீவி, வெயிலில் காயவைத்து உலர் சில்லாக மாற்றும் வேலையே என்பது என் கருத்து. தண்ணீர் அதிகம் தேவையில்லை. வெயிலுக்கு இங்கே பஞ்சமில்லை. காய்ந்த சில்லைக் கிடங்கில் வைக்கலாம். ஜவ்வரிசி அளவுக்கு விலை வராது. ஆனால் வாசலில் வண்டி நிற்கும்போது, ‘இந்தப் பாயிண்டுக்கு வேண்டாம், நான் சீவிக் காயவைத்துக்கொள்கிறேன்’ என்று சொல்லிவிட்டுத் திரும்ப ஒரு வழி இருக்கும். சீவும் இயந்திரமும் காயவைக்கும் களமும் கூட்டுறவுச் சங்கங்களிடம் இருந்தால் போதும். மஞ்சளுக்குக் களம் கட்டிக்கொடுத்த துறைக்கு இது புதிய வேலை அல்ல.

அரசு நினைத்தால் இந்தப் பயிருக்கு எவ்வளவு செய்ய முடியும் என்பதற்கு அண்மைக்காலச் சான்று இருக்கிறது. 2020-இல் கேரளத்தில் முதலில் தென்பட்ட புதுவகை மாவுப்பூச்சி, அடுத்தடுத்து எங்கள் மாவட்டங்களில் புகுந்து செடியின் குருத்தைச் சுருட்டிக் காடு காடாக அழித்தது. மருந்தடித்துப் பயனில்லை என்று நாங்கள் கைவிட்டிருந்த நேரத்தில், ஆப்பிரிக்காவின் பெனின் நாட்டிலிருந்து அந்தப் பூச்சிக்கு எதிரியான சின்னஞ்சிறு குளவியை வரவழைத்து, பெங்களூரு ஆய்வு நிறுவனத்தில் பெருக்கி, 2022-இல் சேலம் மாவட்டத்திலேயே விட்டார்கள். பூச்சியும் கட்டுப்பட்டது. கடல் கடந்து குளவியைக் கொண்டுவர முடிந்த அரசுக்கு, ஆலைக்கும் தோட்டத்துக்கும் இடையில் ஒரு தராசை வைப்பது பெரிய காரியமாக இருக்காது.

ஒரு மாவட்ட ஆட்சியரால் மட்டும் இது முடியாது. நாமக்கல் கிழங்கு சேலம் ஆலைக்குப் போகிறது. கள்ளக்குறிச்சிக் கிழங்கு ஆத்தூருக்கு வருகிறது. ஒரு மாவட்டத்தில் கட்டுப்பாடு வந்தால் அடுத்த மாவட்டத்தில் அது இல்லையே என்று ஆலைகள் முறையிடும். எனவே வேளாண்மை உழவர் நலத்துறை, சிறுதொழில் துறை, எடையளவுச் சட்டத்தைப் பார்க்கும் தொழிலாளர் துறை மூன்றையும் சேர்த்து, நான்கு மாவட்டங்களுக்கும் பொதுவான ஓர் ஆணையை அரசு வெளியிட வேண்டும். சோதனை நிலையங்கள் அமையவும், விலைக் குழு கூடவும் ஓராண்டு ஆகலாம். அதுவரை காத்திராமல், வரும் பருவத்திலேயே செய்யக்கூடியது ஒன்று உண்டு: கிழங்கு வாங்கும் ஒவ்வோர் ஆலையும் மொத்த எடை, பிடித்த கழிவு, அளந்த பாயிண்ட், அன்றைய பாயிண்ட் விலை, பணம் தரும் தேதி ஆகிய ஐந்தையும் அச்சிட்டு, ஆலை முத்திரையுடன் விவசாயியின் பெயருக்குச் சீட்டு கொடுக்க வேண்டும் என்றும், பாயிண்ட் தராசு விவசாயியின் பார்வையில் படும்படி எடைமேடைக்கு அருகில் இருக்க வேண்டும் என்றும் உத்தரவிடுவது. இதற்கு நிதி ஒதுக்கீடு தேவையில்லை. புரட்டாசி பிறப்பதற்குள் உத்தரவு வந்தால், ஐப்பசியில் கிழங்கு ஏற்றும் முதல் வண்டியிலிருந்தே நடைமுறைக்குக் கொண்டுவந்துவிடலாம்.

இப்படிக்கு,
மரவள்ளி விவசாயி ஒருவர்,
ராசிபுரம் வட்டம், நாமக்கல் மாவட்டம்.